தொந்தர வத்து

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் ஃபைவ் எஸ் செய்தேன். ஓசூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வேண்டாததைத் தூக்கிப் போடுவது, வேண்டியதை ஒழுங்காக அடுக்குவது, அடுக்கிய இடத்தில் பேர் எழுதி ஒட்டுவது, எல்லாம் முடிந்த பிறகு எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போவது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். வருகிற உதிரிபாகத்தை அளந்து பார்த்து ஓகே என்றோ ரிஜெக்ட் என்றோ சொல்வது என் வேலை. வேலையை விட்டு இறங்கிய பிறகும் வாய் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் நாள் தோசையை ரிஜெக்ட் செய்தேன். இரண்டாம் நாள் துவைத்து மடித்த போர்வையை. மூன்றாம் நாள், மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி, சீட்டு ஒட்டிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அவள் வந்தாள், வாணலியை வைத்தாள், எண்ணெய் ஊற்றினாள், கை நீட்டினாள். வழக்கமாகக் கடுகு இருக்கிற இடத்தில் அரிசி மாவு இருந்தது.

“கடுகு எங்கங்க?”

“க வரிசையில பாரு.”

அவள் பார்த்தாள். கசகசா இருந்தது, கடலைப்பருப்பு இருந்தது. கடுகை நான் எந்த நினைவிலோ தாளிப்புச் சாமான் என்று த வரிசையில் வைத்திருந்தேன். எண்ணெய் புகைய, அடுப்பை அணைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“நீங்க வீட்டுல இருக்கிறது பெரிய தொந்தரவா இருக்குங்க.”

கோபமே இல்லாமல் சொன்னாள். மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். சாயங்காலம் அவளுக்கு அது நினைவில்கூட இருந்திருக்காது. எனக்கோ அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. வேலை இருந்த காலமெல்லாம் விடியலில் கம்பெனி பஸ் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனது. நான் வீட்டில் இருந்தால் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அதே வாரம் சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நட என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெளியே போக ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. எங்கள் குடியிருப்பில் ஒரு பார்க் உண்டு. வீட்டு மனை போட்டபோது விட்ட இடம், வெகுகாலம் பார்த்தீனியச் செடி வளர்த்துக்கொண்டிருந்தது, பிறகு ஒருநாள் வேலி போட்டுக் கல் பதித்துப் பூங்கா ஆக்கினார்கள். நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் சறுக்கு, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி, உடற்பயிற்சிக் கருவிகள், நடுவில் ஒரு நீரூற்று. நீரூற்று திறப்பு விழா அன்று பீய்ச்சியடித்ததோடு சரி, மறுநாளே என்னைப்போல ஓய்வு பெற்றுவிட்டது. பூக்களைப் பறிக்காதீர் என்று ஒரு பலகையும் இருந்தது. பூ ஒன்றும் இல்லாததால் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள்.

முதல் நாள் புது ஷூ, குரங்குக் குல்லா, கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த பனியன் எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். ஓசூர்க் குளிர் கார்த்திகையில் காதுக்குள் புகுந்துவிடும். நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. எல்லாரும் வலப்பக்கமாகச் சுற்றுகிறார்கள், நான் மட்டும் இடப்பக்கமாகச் சுற்றுகிறேன். இதனால் பார்க்கில் இருக்கிற அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. முதல் தடவை சிரித்தாயிற்று. இரண்டாம் தடவை தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ பேசுகிற மாதிரி நடந்தேன். பாதிப் பேச்சில் அந்தப் போன் நிஜமாகவே அடித்தது. எதிரில் வந்த பெண்கள் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஊரோடு ஒத்துத் திசையை மாற்றலாம் என்றால், ஏதோ தோற்றுவிட்ட மாதிரி இருக்குமே என்று ரோஷம் வந்துவிட்டது. இடப்பக்கமாகவே சுற்றினேன்.

பார்க்கின் கோடியில் சிமெண்ட் தரையில் ஒரு ஷட்டில் கோர்ட் இருந்தது. காலையில் அங்கே நாலு பேர் ஆடுவார்கள். ஒருவர் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், நெட்டையான ஆள். ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மூன்றாமவருக்கு லேத் பட்டறை, பேச்சு என்பதே கிடையாது. நாலாமவர் வேலை மாறுதலில் வேறு ஊருக்குப் போய்விட்ட ஒரு காலை, ரோஜாத் தோட்டக்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“சார், ஆடுவீங்களா? ஒரு ஆளு கொறையுது.”

“காலேஜ்ல ஆடினவன்” என்றேன். அது முழுப் பொய் இல்லை. ஹாஸ்டல் வராந்தாவில் பரீட்சை அட்டையை வைத்துக் கசங்கிய காகிதத்தை அடித்திருக்கிறேன். கார்க் ஒரு தடவையும் விழாத ஆட்டம் அது, காகிதம் என்பதால்.

உண்மையான கார்க் வேறு மாதிரி நடந்துகொண்டது. வரும் என்று நினைத்த இடத்துக்கு நான் முன்னதாகவே போய் நின்று ராக்கெட்டை வீசி முடித்த பிறகு அது ஆற அமர இறங்கி வரும். தொழிற்சாலையில் லைன் யாருக்காகவும் நிற்காது, நாம்தான் ஓடிப் போய் நிற்க வேண்டும். அந்த ஓட்டம் உடம்பில் ஊறிவிட்டிருந்தது. என் பக்கம் வந்த கார்க்குக்கு ஓடினேன், கூட்டாளி பக்கம் வந்ததுக்கும் ஓடினேன், வெளியே போவதை விரட்டிப் போய் அடித்து எதிராளிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தேன். லேத் பட்டறைக்காரரின் முழங்கையில் என் ராக்கெட் பட்டது. அவர் அப்போதும் பேசவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அவர்கள் மூவரும் என்னோடு தமிழ் பேசுவார்கள், ஆட்டம் சூடு பிடித்தால் தெலுங்குக்குப் போய்விடுவார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரண்டி என்றால் வாங்க, கூர்ச்சோண்டி என்றால் உட்காருங்க, லேது என்றால் இல்லை. நான் இராமநாதபுரத்துக்காரன். ஓசூரில் அத்தனை காலம் இருந்தும் இருந்தது முழுக்க நம்மூர்க்காரர்கள் வாடகைக்கு இருந்த தெருவில்தான். சொந்த வீடு கட்டி இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகுதான் தெலுங்கும் கன்னடமும் காதில் விழ ஆரம்பித்தன. என் மனைவி ஒரே வருஷத்தில் காய்கறி வண்டிக்காரம்மாவிடம் தெலுங்கையும், எதிர்வீட்டு மாடியில் கன்னடத்தையும் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் மேற்படி மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு விஷயம் எனக்கே புரிந்தது. நான் கோர்ட்டுக்குள் காலை வைத்ததும் அவர்கள் ஒன்று சொல்வார்கள். நான் கார்க்கை நோக்கி ஓடும்போதும் அதையே சொல்வார்கள்.

“தொந்தர வத்து சார்! தொந்தர வத்து!”

தொந்தரவு வந்து! இதற்கு அகராதி வேண்டுமா? தொந்தரவு வந்துவிட்டது என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அதோடு விட்டார்களா, கூடவே ஒன்று சொன்னார்கள்: “நெம்மதிகா, நெம்மதிகா.” நிம்மதி போயிற்று என்கிறார்கள். அதில் கொடுமை, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வீட்டில் ஒருத்தி சொன்ன அதே வார்த்தை, சொல்லி வைத்த மாதிரி, பார்க்கிலும் என்னைத் தேடி வந்துவிட்டது.

தரக்கட்டுப்பாட்டில் ஒரு பழக்கம் உண்டு, சந்தேகம் வந்தால் இன்னொரு கருவியை வைத்து அளந்து பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் ஆனேக்கல் பக்கத்தவர், வீட்டில் கன்னடம். அவரிடம் போய்ச் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

“ஏன் சார், தொந்தரன்னா என்ன?”

“தொந்தரேன்னா தொந்தரவுதான் சார். உங்க பாஷைல இருக்கறதுதானே?”

“அப்ப நெம்மதி?”

“நிம்மதி. அதுவும் அப்பிடியேதான்.” பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் சார், யாராச்சும் தொந்தரே குடுக்கறாங்களா?”

நான்தான் கொடுக்கிறேன் போலிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். இரண்டு கருவியும் ஒரே அளவைக் காட்டிவிட்டது. அதற்குமேல் சந்தேகப்படுவது என் தொழிலுக்கே அவமானம்.

தெலுங்கு தெரிந்தவள் வீட்டிலேயே இருந்தாளே, அவளைக் கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்பதாக இருந்தால் பார்க்கில் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளிடம் சொல்ல வேண்டும். “சரியாத்தானே சொல்லியிருக்காங்க” என்று அவள் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? அந்தப் பயத்தில் வாயே திறக்கவில்லை.

தன்மானம் உள்ளவன் மறுநாளிலிருந்து நின்றிருப்பான். நான் வேறு வழி பிடித்தேன், தொந்தரவைக் குறைத்துக்கொள்வது என்று. அவர்களுக்கு முன்னால் போய்க் கோர்ட்டில் சருகு கூட்டினேன். வலையின் தொய்வை டேப் வைத்து அளந்து இழுத்துக் கட்டினேன். கார்க் டப்பா வாங்கிப் போய், சும்மா வீட்டில் கிடந்தது என்றேன். புதுக் கார்க் டப்பா சும்மா கிடக்கிற வீடு எங்கே இருக்கிறது? அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டத்திலும் முன்னைவிட வேகமாக ஓடினேன், என் கூட்டாளிக்குச் சிரமம் இருக்கக் கூடாதே. கீழே கிடக்கிற கார்க்கைப் பொறுக்கக்கூட யாரையும் விடாமல் பாய்ந்தேன். நான் எவ்வளவுக்கெவ்வளவு பாய்ந்தேனோ அவ்வளவுக்கவ்வளவு அவர்களும் கத்தினார்கள். “தொந்தர வத்து சார், நெம்மதிகா!” ஒருநாள் அந்தப் பேசாத லேத் பட்டறைக்காரரே வாயைத் திறந்து அதைச் சொல்லிவிட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபி குடிக்கவில்லை.

இப்படியும் அங்கே போனேன் என்றால், போகாமல் இருக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் பார்க் வாசலில் டீ குடிப்போம். ரோஜாத் தோட்டக்காரர் அன்றைக்குப் பெங்களூர் ஏற்றிவிட்ட பூவைப் பற்றிச் சொல்வார், வேன்காரர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசியதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நாள் முழுக்க நான் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான்.

அப்புறம் அந்தக் காலை. பால்காரர் தாமதம், அதனால் நான் தாமதம். பனி நன்றாக மூடியிருந்தது. வேன்காரர் சீக்கிரம் கிளம்ப வேண்டுமே, என்னால் ஆட்டம் கெடுகிறதே என்று பார்க் வாசலிலிருந்தே ஓடினேன். பார்க்குக்குத் தண்ணீர் விடுகிற ஆள் குழாயைத் திறந்துவிட்டதில் நடைபாதைக் கல் நனைந்து கிடந்தது. தூரத்தில் கோர்ட்டிலிருந்து மூவரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, வராதே என்கிற மாதிரி ஆட்டி, ஒரே குரலில் கத்தினார்கள்.

“தொந்தர வத்து! தொந்தர வத்து!”

பார்க் முழுக்கக் கேட்டது. வலப்பக்கமாகச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நானும் எந்த முகம் சிரிக்கிறது என்று பார்க்கத் திரும்பினேன், அந்த நேரம் பார்த்துக் கால் வழுக்கிற்று. பென்குயின் தொட்டியின் காலடியில் முழங்கால் பட விழுந்தேன். ஓடி வந்து தூக்கினார்கள். வேன்காரர் மூச்சு வாங்க, “செப்பினா கதா சார், தொந்தர வத்துன்னு” என்றார். சொன்னேனே என்பது மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அத்தனை நாள் அடக்கியது பொங்கிவிட்டது. “நான் தொந்தரவுன்னா தொந்தரவுன்னு தமிழ்லயே சொல்லுங்க. எதுக்குத் தெலுங்குல சொல்றீங்க? நாளையிலேர்ந்து வரல. நிம்மதியா ஆடுங்க!”

“யாரு சார் தொந்தரவு?” என்றார் ரோஜாத் தோட்டக்காரர். அந்த முழிப்பை நான் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் பிடித்த கையை உதறிவிட்டு, ராக்கெட்டை ஊன்றிக்கொண்டு கம்பீரமாக நடக்கப் பார்த்தேன். ஷட்டில் ராக்கெட்டை ஊன்ற முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் வேன்காரர்தான் என்னைப் பள்ளிக்கூட வேனில் உட்கார வைத்துக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார். கோபித்துக்கொண்டு போகிறவன், யாரைக் கோபித்துக்கொண்டானோ அவர்கள் வண்டியிலேயே போவதுபோல அசிங்கம் வேறில்லை.

எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வுதான், கட்டுப்போட்டு உட்கார் என்றார் டாக்டர். உட்கார்ந்தேன். ஹாலில் உட்கார்ந்தால் சமையலறைச் சத்தமெல்லாம் கேட்கும். விசில் ஒன்று அதிகமாகப் போவது கேட்கும். குழாயைச் சரியாக மூடாதது கேட்கும். எதையும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பேசாமல் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து அவள், “என்னங்க, மூட்டு வலிக்குதா?” என்று வேலையை விட்டுவிட்டு வந்து வந்து கேட்டாள். வாயை மூடிக்கொண்டும் என்னால் தொந்தரவு கொடுக்க முடிந்தது.

மாடி ஏறக் கூடாது என்றிருந்தார்கள். தண்ணீர் டேங்க் வழிகிறதா பார்க்கிறேன் என்று காலையில் மாடி ஏறுவேன். அங்கிருந்து கோர்ட் தெரியும். ஒரு பக்கம் இருவர், மறுபக்கம் ரோஜாத் தோட்டக்காரர் மட்டும். மூன்று பேராகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு தொலைந்தது என்று எவ்வளவு நிம்மதியாக ஆடுகிறார்கள் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயிறு எரிந்தது. அவர்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதில் இன்னும் எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளறையில் படுத்திருந்தேன். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. ரோஜாத் தோட்டக்காரர். உடனே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற ஆள் ஆனேன். என் மனைவி அவரை உட்காரச் சொல்லித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். காற்றில் அடிபட்டு வருவதுபோலத் துண்டு துண்டாகக் கேட்டது. சார் என்று கேட்டது. கால் என்று கேட்டது. பிறகு அவர் குரலில் அந்தச் சொல் வந்தது, தொந்தர. வீடு தேடி வந்து என் மனைவியிடமே புகார் சொல்கிறாரே என்று போர்வைக்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அப்போது அவள் பதில் சொன்னாள், தெளிவாக, இரண்டு தடவை.

“தொந்தர லேதண்டி. தொந்தர லேது.”

லேது எனக்குத் தெரிந்த மூன்று சொற்களில் ஒன்று. தொந்தரவு இல்லை. என் வீட்டுக்காரர் தொந்தரவு இல்லை என்று, வந்த மனிதரிடம் அவருடைய பாஷையிலேயே, அடித்துச் சொல்லிவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எனக்காக இப்படி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். நாற்காலியில் அவர். மேசைமேல் செய்தித்தாளில் சுற்றிய ரோஜாக் கட்டு. காம்பு குட்டையாகப் போய் ஏற்றுமதிக்கு எடுக்காத பூ, நிறம் மட்டும் நெருப்பாக இருந்தது.

“பரவால்ல. நான் எதையும் மனசுல வச்சுக்கல” என்றேன், பெரிய மனிதனாக.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்னத்த மனசுல வச்சுக்கல?” என்றாள் மனைவி.

“அதான் நீயே சொல்லிட்டியே. நான் தொந்தரவு இல்லன்னு.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“இப்பத்தான். தொந்தர லேதுன்னு.”

“அய்யே, அது அவசரமில்லன்னுங்க. தெலுங்குல தொந்தரன்னா அவசரம். கால் நல்லா ஆகட்டும், அவசரப்படாம மெதுவா வரச் சொல்லுங்கன்னு அவர் சொன்னாரு. ஆமா, அவசரமில்லன்னு நான் சொன்னேன்.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். “அப்ப தொந்தர வத்துன்னா?”

“அவசரப்படாதீங்கன்னு.”

“நெம்மதிகா?”

“மெதுவான்னு. ஏன், யாரு சொன்னா?”

யார் சொன்னார்கள்? பனியில் ஓடி வந்தவனைப் பார்த்து மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னார்கள். கார்க்குக்குப் பாய்ந்த ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். பேசாத மனிதர் தன் மௌனத்தை விட்டுச் சொன்னார். இரண்டு கருவியில் அளந்து பார்த்தேனே, அந்த இரண்டும் தமிழும் கன்னடமும். அளக்க வேண்டிய தெலுங்கை மட்டும் தொடவே இல்லை.

மறைத்துப் பயனில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சருகு கூட்டியது, கார்க் டப்பா, பென்குயின், எல்லாம். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தொந்தரவு வந்து! தொந்தரவு வந்து!” என்று சொல்லிப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. ரோஜாத் தோட்டக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கணக்குப் புரியாதவர்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இத்தினி நாளா நாங்க உங்களத் தொந்தரவுன்னு சொல்றோம்னா நெனச்சினு இருந்தீங்க?”

“ஆமா.”

“தெனமும்?”

“ஆமா.”

“அப்பறம் ஏன் சார் வந்துனே இருந்தீங்க?”

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

“வேற எங்க போறது?” என்று வந்துவிட்டது.

என் மனைவியின் சிரிப்பு நின்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த வயதில், கட்டிய வீட்டின் ஹாலில் நின்றுகொண்டு, போக இடமில்லை என்று ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டேன். மேசைமேல் இருந்த ரோஜாவை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “என்னா சார் நீங்க. நாங்க மூணு பேராத்தான் ஆடினு இருக்கோம். கீழத் தெருவுல ஒருத்தர் வந்து கேட்டாரு, ஆள் இருக்குது, கால் அடிபட்டு வீட்டுல இருக்காருன்னு சொல்ட்டோம். சரியாயிட்டு வாங்க. தொந்…” என்று ஆரம்பித்துச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “அவசரமில்ல” என்று சுத்தத் தமிழில் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் போன பிறகு அவள் பூவைப் போட்டு வைக்கப் பாத்திரம் தேடினாள். பித்தளைச் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“வீட்டுலயும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தீகளா?”

கோபத்திலும் பாசத்திலும் மட்டும்தான் அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு வரும். இது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

“நீதான சொன்ன. கடுகு தேடின அன்னைக்கு.”

அவள் யோசித்தாள். நினைவில்லை என்று சொல்வாள், அப்படிச் சொல்லவில்லை என்று சாதிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“சொன்னா என்ன? தொந்தரவுதான்” என்றாள். “இப்பவும் தொந்தரவுதான். அங்கிட்டுப் போனா ஃபேன அணைக்கிறீக, இங்கிட்டு வந்தா டப்பாவ நகத்துறீக. அதுக்கு? வேற எங்க போறதுன்னு ஊரான்கிட்டச் சொல்லுவீகளா? தொந்தரவாவே இருந்துட்டுப் போங்களேன், யாரு வேணாம்னா?” செம்பை மேசைமேல் வைத்துவிட்டு, “கடுகை மட்டும் பழைய எடத்துல வைங்க” என்றாள்.

வைத்தேன். அரிசி மாவை எடுத்துவிட்டு, சீட்டைக் கிழித்துவிட்டு, அவள் கை நீட்டுகிற இடத்தில் வைத்தேன். வைக்கும்போது கண் மறைத்தது. நல்ல வேளை, தாளிப்பு நேரம் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பனி அன்றைக்கும் இருந்தது. வாசல் கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து, கையில் காபி டம்ளரோடு நின்றவள் சொன்னாள்.

“தொந்தர வத்து.”

அர்த்தம் தெரிந்துதான் கேட்டேன். ஆனாலும் என் காதில் அது இரண்டாகவும் விழுந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். தெரு திரும்பும் வரைக்கும் மெதுவாகத்தான் போனேன். அதற்கப்புறம் கொஞ்சம் வேகமாக நடந்தேன், வேன்காரருக்கு நேரமாகிவிடும்.